புவனம் மிஸ்ஸின் வில்லையும் என் திகதிகளும்

உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கலாநிதி புவனேஸ்வரி எந்த உறையையும் கையால் கிழித்து நான் பார்த்ததில்லை.

அது அவருடைய ஆய்வுகூடம். பெயர்தான் பெரிது, வாவிப் பக்கம் திறக்கும் ஒற்றை ஜன்னலோடு ஒரு சின்ன அறை. மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று தட்டும். பெப்பர்மின்ட் வாசமும் அதற்கு அடியில் புகையிலையின் காரமும் எப்போதும் அங்கே இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நான், மடியில் நான்கு கொப்பிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

உறைக்குள் ஒரே ஒரு தாள். எந்த இலக்க டின்னில் மருந்து வில்லை, எந்த இலக்க டின்னில் வெறும் வில்லை என்ற பட்டியல். நான்கு வாரமாக அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றே வேறொருவரைக் கொண்டு எழுதி ஒட்டி வைத்திருந்தார்.

நான் கொப்பியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தேன். புகைத்தலை விட்டவர், விடாதவர் என்று சொல்லச் சொல்ல அவர் தாளில் அடையாளமிட்டார். முடிந்ததும் ஒரு முறை எண்ணினார். மறுபடி எண்ணினார். பேனாவை மூடியால் மூடினார்.

"ரெண்டும் ஒண்டுதான் மாஸ்டர்."

"என்ன மிஸ்?"

"மருந்து குடுத்த ஆக்களும் விட்டிருக்காங்க. வெறும் வில்லை குடுத்த ஆக்களும் அதே அளவுக்கு விட்டிருக்காங்க."

"அப்ப நல்லதுதானே. எல்லாரும் விட்டுட்டாங்க."

"நல்லதுதான்," என்றார். "அப்ப என்ட வில்லை என்னத்துக்கு?"

ஒரு வாக்கியத்துக்காக

இத்தனை வாரமும் இந்தத் தொடரில் தபால் கந்தோர்களில் கழிந்த என் காலத்தைத்தான் எழுதி வந்தேன். சென்ற கிழமை ஓட்டமாவடிக் கந்தோரின் ஒழுகும் கூரையோடு நிறுத்தினேன். இந்த வாரம் என் உத்தியோகக் கதையை விட்டு விலகிப் போகிறேன். காரணம் ஒரு நாளிதழ்.

புவனம் மிஸ் இறந்த மறுநாள் அந்த நாளிதழ் நான்கு வரி போட்டிருந்தது. அதில் ஒரு வரி: புகைத்தலைக் கைவிட உதவும் வில்லை ஒன்றை உருவாக்க முயன்று அதில் வெற்றி காணாதவர். அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கும் என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது; இரண்டும் பதிவுத் தபால்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். வெற்றி காணாதது அவருடைய வில்லை அல்ல. அதை யாரும் ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை. சோதனையைக் கெடுத்தவன் நான்.

ஒவ்வொரு பத்தியிலும் திகதி போட்டால் வாசகர் களைத்துப் போகிறார்கள் என்று ஆசிரியர் முன்பே கண்டித்திருக்கிறார். ஆதலால் ஆண்டும் நாளும் இங்கே இல்லை. என் கொப்பிகளில் உண்டு. பிரச்சினையே அதுதான் என்பது போகப் போக விளங்கும்.

புகையிலை வீட்டுப் பிள்ளை

அவர் பிறந்தது மாங்கேணி. அந்த ஊரில் கடலுக்குப் போகாத சில வீடுகளில் அவருடைய வீடும் ஒன்று. தகப்பனார் கணபதிப்பிள்ளை ஐயா கடற்கரைக்கு உள்ளே தள்ளியிருந்த மணல் தோட்டத்தில் புகையிலை வைத்தவர். பறித்த இலையை வீட்டுக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். பிள்ளைகள் அதற்குக் கீழே பாய் விரித்துப் படுப்பார்கள்.

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையிலும் அந்த மணம் ஏறியிருக்குமாம். "என்னோட ஒரே வாங்கில இருக்க ஒருத்திக்கும் விருப்பமில்ல மாஸ்டர். சுருட்டுக் கடை வருது, சுருட்டுக் கடை வருது எண்டுவாளுகள்." இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அறுபதை நெருங்கிய வயதிலும் அந்தப் பெண்களின் முழுப் பெயர்களையும் ஒழுங்கு மாறாமல் சொன்னார்.

படித்தார். இரசாயனம். வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு, போன இடத்தில் நில்லாமல் திரும்பி வந்தார். திருமணம் செய்யவில்லை. புகையிலை மனிதரைப் பிடித்துக்கொள்ளும் சத்து எது, அதை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவது என்பதிலேயே இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்.

கணபதிப்பிள்ளை ஐயாவுக்கு இது தீராத பகிடி. நான் முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது வாயில் சுருட்டோடு என்னை வரவேற்றார்.

"வாங்க தம்பி. நீங்களும் இவளோட கூட்டா? என்ட புகையிலையில படிச்சிட்டு இப்ப என்ட புகையிலைக்கே மருந்து கண்டுபுடிக்கிறாளாம். நாளைக்குச் சோத்துக்கும் மருந்து கண்டுபுடிப்பாள்."

"நஞ்சுக்குத்தான் அப்பா மருந்து," என்றார் மகள்.

"இந்த நஞ்சைக் குடிச்சு எனக்கு எண்பத்தெட்டு வயசு. நீ பச்சத்தண்ணி குடிச்சு எத்தினை வயசு மட்டும் இருக்கிற எண்டு பாப்பம்."

அன்று மூவரும் சிரித்தோம்.

மென்று துப்பிய மருந்து

வெளிநாட்டில் இதற்கென்று மெல்லும் கோந்து ஒன்று உண்டு. சிறிது மென்று, பிறகு கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்க வேண்டும். சத்து மெதுவாக இரத்தத்தில் சேரும். சிகரட் ஆசை அடங்கும். மிஸ் அதைக் கொஞ்சம் தருவித்து இங்கே சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்.

நம்மவர் என்ன செய்தார்கள்? வாயில் போட்டதும் வெற்றிலை ஞாபகம் வந்துவிட்டது. மென்றார்கள், சாறு ஊறியதும் துப்பினார்கள். கடல் கடந்து வந்த மருந்து முழுவதும் வேலியோரத்தில் கிடந்தது.

இதைச் சொல்லி மற்றவர்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. வேறொன்றைக் கவனித்திருந்தார். இதே ஆட்கள் பாக்குச் சீவலைக் கொடுப்புக்குள், அதாவது கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில், மணிக்கணக்காக அசையாமல் வைத்திருப்பார்கள். அதைத் துப்புவதில்லை. அப்படியானால் மருந்து பாக்குச் சீவலாக இருக்கட்டும்.

அதுதான் அவருடைய வில்லை. ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் கொஞ்சம் வளைந்து, சீவிய பாக்கைப் போலவே இருக்கும். மென்றால் கசக்கும், அதனால் யாரும் மெல்லமாட்டார்கள். கொடுப்புக்குள் வைத்தால் ஒரு சிகரட் எரிந்து முடியும் நேரத்துக்குச் சரியாகக் கரையும். இந்தக் கரையும் நேரத்தைப் பிடிக்க மட்டும் நான்கு ஆண்டு எடுத்தது. மாரியில் ஈரத்தால் வில்லை பிசுபிசுக்கும். சோளகக் காற்று வீசும்போது காய்ந்து வெடிக்கும். இரண்டு காலத்தையும் தாங்குகிற கலவையை அவர் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றித் தந்தார். சீனி போட மறந்துவிட்டார்.

அடுத்த படி, ஊர் ஆட்களிடம் சோதனை. பாதிப் பேருக்கு மருந்து வில்லை. மீதிப் பேருக்கு அதே கசப்பும் அதே வடிவமும் கொண்ட, மருந்தில்லாத வில்லை. முதல் பாதிப் பேர் மற்றவர்களை விடக் கூடுதலாகப் புகைத்தலை விட்டால் வில்லை வேலை செய்கிறது. இல்லையென்றால் இல்லை. கொழும்பிலிருந்த ஒரு ஆய்வுக் குழு இதற்கு உதவ ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு தடவைக்கு.

நான் நாள் பார்த்த கதை

ஓய்வு பெற்ற தபால் மாஸ்டரை அவர் ஏன் பிடித்தார்? நான் தன்னாமுனைக்காரன், கத்தோலிக்கன். ஓட்டமாவடியில் பத்து வருடம் கந்தோர் நடத்தியவன். இரண்டு ஊரிலும் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியும். எழுத்துச் சுத்தம். காலையில் எழுந்ததும் முத்திரைக் கட்டையில் திகதி மாற்றிய பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு கள உதவியாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தை மாதம் இரண்டு ஊரிலும் சைக்கிளில் அலைந்தேன். புகைக்கிறவர்கள் ஏராளம். விட ஒப்புக்கொள்கிறவர் இல்லை. "இப்ப வேளாண்ம வெட்டு மாஸ்டர், மறுகா பாப்பம்." "பெருநாள் முடியட்டும்." "மனிசி வெளிநாட்டால வரட்டும்." மூன்று வாரத்தில் கொப்பியில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. குழுவின் கெடு நெருங்கியது.

அப்போது ஓட்டமாவடிச் சந்தியில் காசிம் காக்காவைக் கண்டேன்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். பொலன்னறுவை பஸ் ஓட்டுகிறவர். கியரில் ஒரு கை, சிகரட்டில் ஒரு கை. ஸ்டியரிங்கை எதனால் பிடிக்கிறார் என்று பயணிகள் கேட்பார்கள்.

"நோன்புக்கு வெச்சிக்கங்க மாஸ்டர்," என்றார். "பகல்ல எப்பிடியும் பத்த ஒண்ணா. இந்த வருசம் ராவைக்கும் விடுற எண்டு நானும் நிய்யத்து வெச்சிருக்கன். நோன்பு திறந்து கஞ்சி குடிச்ச கையோட உங்கட வில்லைய வாய்க்குள்ள போட்டாப் போச்சு. நம்ம ஆக்கள் முழுப்பேரையும் நான் கூட்டித்தாறன்."

அந்த ஆண்டு நோன்பும் எங்கள் தவக்காலமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்கின. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் ஏதாவது ஒன்றை ஒறுத்து விடுவது வழக்கம். ஆண்கள் அநேகமாகச் சிகரட்டை விடுவார்கள். தன்னாமுனைக்கு ஓடினேன். "தவக்காலத்தில் தொடங்குவோம்" என்றதும் அங்கும் பட்டியல் நிரம்பியது. ஒரே கிழமையில் இரண்டு ஊர்ப் பட்டியலும் முழுமை.

மிஸ் வியந்துபோனார். "எப்பிடி மாஸ்டர் இப்பிடி ஆக்களைப் பிடிச்சீங்க?"

நான் சொல்லவில்லை. என் சாமர்த்தியம் என்று அவர் நினைக்கட்டும் என்றிருந்தது.

அவர் நாட்காட்டியைப் பார்த்து ஒன்று கேட்டார். "சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னம் முடிஞ்சிருமா? வருசத்துக்கு எல்லாரும் குடிச்சிப் பத்திக் கூத்தாடுவாங்க. அது ஆய்வைக் குழப்பிரும்."

"அதுக்கு முன்னம் முடிஞ்சிரும் மிஸ்."

"வேற ஒண்டும் குறுக்க இல்லையே?"

"இல்ல மிஸ்," என்றேன்.

அவருடைய வீட்டில் கொண்டாடுவது சித்திரை. அதைத்தான் அவர் நினைத்தார். மற்ற இரண்டு நாட்காட்டிகளும் என் தலைக்குள் இருந்தன. நான் அவற்றைக் குறுக்கே நிற்பவையாக நினைக்கவில்லை, உதவிக்கு வந்தவையாக நினைத்தேன்.

ஊது மாஸ்டர்

நான்கு வாரமும் இரண்டு ஊரிலும் எனக்கு அதுதான் பெயர். வாயால் ஊதினால் புகைத்தவரா இல்லையா என்று காட்டும் கைக்கருவி ஒன்றை மிஸ் தந்திருந்தார். ஓட்டமாவடியில் நோன்பு திறந்த பிறகு வரிசையில் நிற்பார்கள்.

"பொலிசுக்கு ஊதின காணாதெண்டு உங்களுக்கும் ஊதணுமா மாஸ்டர்?"

"ஊதுங்க காக்கா. இதுக்கு லைசன்ஸ் பறிக்கமாட்டன்."

காசிம் காக்கா ஊதினால் ஊசி அசையாது. மற்றவர்களைப் பார்த்து மார் தட்டுவார்.

தன்னாமுனையில் அந்தோனி. வாவியில் இறால் பிடிக்கிறவன், என் பக்கத்து வளவு. ஊசி அவனுக்கும் அசையவில்லை. அதில் வியப்பே இல்லை. அந்தோனி வருடம் தவறாமல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சிகரட்டை விடுவான். வருடம் தவறாமல், தவக்காலத்தை முடித்துவைக்கும் பாஸ்காப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடியே பற்றவைப்பான். இருபது வருடமாக அதைக் கண்ணால் கண்டவன் நான். கண்டும் அவன் பெயரைப் பட்டியலில் எழுதினேன்.

விரல் வைத்த இடம்

இனி அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

"அப்ப என்ட வில்லை என்னத்துக்கு?" என்று கேட்டவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்திருந்தார். வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டினார். "கொப்பியளைத் தாங்க."

அந்தக் கொப்பிகளை அவர் வாரா வாரம் பார்த்தவர்தான். ஆனால் பார்த்தது இலக்கங்களை மட்டும். அன்று மேலிருந்து வாசித்தார்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் எழுதினாலும் அதன் தலையில் அன்றைய நாளை எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் எழுதுவேன். ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி, இஸ்லாமியத் திகதி, திருச்சபையின் காலம். அன்று அவர் புரட்டிய பக்கத்தில் இப்படி இருந்தது: பங்குனி இரண்டு, ரமழான் பதினைந்து, தவக்காலம் இரண்டாம் ஞாயிறு.

அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன மாஸ்டர்?"

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததை. நான்கு கொப்பியிலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், என் சுத்தமான எழுத்தில், சோதனை ஏன் தோற்றது என்று எழுதியிருந்தது.

"நான் கேட்டன். வேற ஒண்டும் இல்லையா எண்டு கேட்டன்."

"ஆக்கள் சேரட்டும் எண்டுதான் மிஸ்..."

"எப்பிடியும் விட இருந்த ஆக்களைச் சேத்துத் தந்திருக்கீங்க." குரல் உயரவில்லை. "வெறும் வில்லை போட்டவனும் நோன்புக்கு விட்டான், தவக்காலத்துக்கு விட்டான். என்ட வில்லை இதுக்குள்ள என்ன செஞ்சிருந்தாலும் இனித் தெரியாது. மழையில நிண்டவனைப் பாத்து, குளிச்சானோ எண்டு கேட்ட மாதிரி."

கொப்பிகளை அடுக்கி, விளிம்புகளைத் தட்டிச் சமமாக்கி, என் மடியில் வைத்தார்.

ஐந்தாவது கொப்பி

குழுவுக்கு அவர் கடிதம் எழுதினார். சோதனைக் காலம் பிழையாகிவிட்டது, மறுபடி செய்ய இடம் தாருங்கள் என்றார். வில்லைக்கும் வெறும் வில்லைக்கும் வித்தியாசமில்லை என்று முடிவாகிவிட்டது, மறு ஆய்வு அவசியமில்லை என்று பதில் வந்தது. ஊதும் கருவியைத் திருப்பிக் கேட்டார்கள். அவருக்கு ஓய்வு வயது வந்தது. அறையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது கொப்பி ஒன்று தொடங்கினேன். நோன்புப் பெருநாள் கழிந்தது, பாஸ்கா கழிந்தது. அந்தோனி வழக்கம்போலக் கோயில் வாசலில் பற்றவைத்தான். அவனுடையது வெறும் வில்லை. வெறும் வில்லைக்காரர் அநேகர் ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆனார்கள். மருந்து வில்லைக்காரர் பலர் ஆகவில்லை. பஸ் தரிப்பில், மீன் சந்தையில், கல்யாண வீட்டில் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். அடுத்த நோன்பு தொடங்கும் நாள் வரை ஒரு பெயரையும் விடவில்லை.

மாங்கேணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். இந்த முறை பக்கத்தின் தலையையும் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கீங்க."

"இதை அனுப்பலாமா மிஸ்?"

"ஆர் எந்த டின் எண்டு தெரிஞ்ச பிறகுதானே பாத்தீங்க?"

"ஓம்."

"தெரிஞ்ச கண், தான் தேடுறதைத்தான் காணும் மாஸ்டர். உங்களுக்கு என்ட வில்லை வெல்லணும். இதை நான் அனுப்பினா, நாளைக்கு எவன் எதை அனுப்பினாலும் நம்பணும்."

கொப்பியைத் திருப்பித் தந்தார். மீதமிருந்த வில்லைகள் மாரி ஈரத்தில் கூட அப்படியே இருக்கின்றன என்று டின்னைத் திறந்து காட்டினார். அதில் மட்டும் ஒரு சந்தோஷம்.

ஒரு விடியற்காலை நெஞ்சு நோகுது என்றாராம். வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சிகரட் தொடாதவர்.

செத்த வீட்டுக்குக் காசிம் காக்கா வந்திருந்தார். அந்த நோன்பு தொட்டு இன்று வரை அவர் புகைக்கவில்லை. அவருடைய டின்னில் இருந்தது மருந்து.

"நல்ல மனிசி," என்றார். "பாவம், அந்த வில்லை சரிவரல்லயாமே. நான் அந்த நோன்போட விட்ட விட்டதுதான். எல்லாம் அல்லாஹ் தந்த மன உறுதி."

இல்லை காக்கா, அது வில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. என்னிடம் என்ன ஆதாரம் உண்டு? அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எது சரி என்று தெரியாதபடி செய்தவன் நானல்லவா?

ஒரு பிரதி

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மாங்கேணிக்குப் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கணபதிப்பிள்ளை ஐயா மகளுடைய கோப்பு ஒன்றைத் தூக்கி என்னிடம் தந்தார். தொண்ணூறு வயது. கண் மங்கல். வாயில் சுருட்டு.

"இதில என்ன இருக்கெண்டு பாருங்க தம்பி. தேவையில்லாட்டி அடுப்பில போடுவம்."

குழுவுக்கு மிஸ் எழுதிய கடிதத்தின் பிரதி மேலேயே இருந்தது. எழுதினார் என்று தெரியும்; முழுவதும் என்ன எழுதினார் என்று தெரியாது. ஐயா கேட்க உரத்து வாசித்தேன். இரண்டாம் பத்தியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன தம்பி? வாசியுங்க."

வாசித்தேன். "ஆய்வுத் திகதிகளை நான் தனியாகவே தீர்மானித்தேன். நோன்பு, தவக்காலம் இரண்டையும் கவனியாது விட்டது என் தவறு. கள உதவியாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

ஐயா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"மெய்யா?"

"இல்ல ஐயா. நாள் வெச்சுக் குடுத்தது நான்தான். அவ கேக்கக்குள்ளயும் ஒண்டுமில்லை எண்டு சொன்னன்."

வெளியே கடல் இரைச்சல். முற்றத்தில் யாரோ சோற்றுக் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினை தரம் கேட்டிருப்பன் தம்பி," என்றார். "அப்பாட புகையில நல்லம் எண்டு ஒருக்காச் சொல்லு புள்ள, பொய்க்காகவாவது சொல்லு எண்டு. சின்ன வயசிலயே கேட்டிருக்கன். பொய் சொல்ல ஒண்ணா எண்டுவாள். எனக்காகச் சொல்லல்ல." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்காகச் சொல்லியிருக்காள்."

சுருட்டு அணைந்து போயிருந்தது. நெருப்புப் பெட்டிக்காக, உட்கார்ந்திருந்த வாங்கில் தடவினார், கைக்கு எட்டவில்லை. நான் எடுத்து, குச்சியை உரசி, அவர் பற்றவைக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.